ஆத்தா வந்த நாள்

சூடத்தட்டைப் படத்துக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினாள் குணவதி. படத்தில் இருப்பது சாமி அல்ல, அவள் பெற்ற மகள் லோகா. போன ஆடித் திருவிழாவில், உறுமிச் சத்தத்துக்கு நடுவே அம்மன் இறங்கியபோது எடுத்தது. கழுத்தில் மாலை, இடது கையில் வேப்பிலை.

அந்த லோகாதான் இப்போது பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் நாற்காலியே கதி என்று கிடக்கிறாள். பதினாறு வயதில் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, எட்டு மாதமாகப் பேச்சும் இல்லை. சூடம் காட்டும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பக்தி என்பாள் அம்மா.

"ரைட் ஹேண்ட் தூக்கு லோகா, கொஞ்சம் போதும்லா," என்றாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் நூர் ஃபாத்திஹா. கை அசையவில்லை.

"எல்லாம் சாமி குத்தம்மா," என்றாள் குணவதி. "மூணு மணி நேரம் சனங்க வரிசையில நின்னு இவ கால்ல விழுந்தாங்க. ஆத்தா மலையேறல, மஞ்சத்தண்ணிகூட ஊத்தல. அதுக்குள்ள இந்த மனுசன் பயந்துபோயி, இவள கெரெத்தா பின்சீட்டுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாரு. ஆத்தா சும்மா விடுவாளா?"

'இந்த மனுசன்' வாசு, அடுப்படி வாசலில் நின்றார். அன்றிலிருந்து மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன்னால்தான் மகள் முடங்கினாள் என்று அவரே பாதி நம்பிவிட்டார், பாவம்.

"மூணு மணி நேரமா?" நூர் படத்தையே பார்த்தாள். "அக்கா, லோகா எந்தக் கையால எழுதும்?"

"சோத்துக் கையாலதான். ஏம்மா?"

நூரின் விரல், படத்தில் துவண்டு தொங்கிய வலது கையில் போய் நின்றது.

லோகாவின் இடது கை மெல்ல எழுந்து படத்தைக் காட்டியது. உதடு கோணிக்கொண்டு துடித்தது. குணவதிக்குப் புல்லரித்தது. ஓடிவந்து மகளின் காலில் விழுந்தாள். அன்றைக்கும் முதல் ஆளாக விழுந்தது அவள்தான்.

"சொல்லு தாயி! ஆத்தாவுக்கு என்ன வேணும்?"

லோகா அப்பாவைப் பார்த்தாள். பிறகு, காலடியில் கிடக்கும் அம்மாவைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாகக் குரல் வந்தது.

"அம்மா... அன்னைக்கு... சாமி வரல."