சனிக்கிழமை மீட்டிங்

குள்ளம்மா அத்தை காலிக் கொடத்தோட பஸ்ஸுக்கு முன்னாடி ரோட்லயே உக்காந்துட்டாங்க யுவா. பின்னாடியே எங்கூரு பொம்பளைங்க எல்லாரும். பஞ்சாயத்துத் தலைவர் வந்தாத்தான் எந்திரிப்போம்னு ஒரே சத்தம்.

தலைவர் அந்த பஸ்ஸுக்குள்ளதான் இருக்கு.

எங்கம்மா. ஜன்னல் சீட்ல, தலையில முந்தானையப் போட்டுக்கிட்டு.

யாருகிட்டயும் சொல்லிராத. சனிக்கிழமை ஆனா அம்மா மீட்டிங்குன்னு கெளம்புமில்ல, அது மீட்டிங்கே இல்ல. செல்போன என் கையில குடுத்துட்டு, கடத்தூர் போயி பொம்மிடி பஸ் ஏறும். அங்க எங்கயும் போவாது. அதே பஸ்ல திரும்பி வரும். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு ஓசிதான.

அங்க என்னதாம்மா பண்ணுவன்னு ஒருவாட்டி கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அதுக்குத்தான் போறேன்"னுச்சு.

அது வர்ற வரைக்கும் போன்ல நான்தான் அம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே குரலு, யாருக்கும் தெரியாது. தெருலைட்டுன்னா "சொல்லிட்டேனுங்க." சாக்கடைன்னா "பாத்துக்கலாமுங்க." இத வெச்சே பாதி பஞ்சாயத்து ஓடிரும்.

இன்னிக்கி அது பத்தல. மோட்டார் காயில் போயி ஊருக்கே தண்ணி இல்ல. கூட்ரோட்டுக்குப் போயி மறிச்சுட்டாங்க. மொதல்ல மாட்டுனது அம்மா பஸ்ஸு.

பாத்துட்டாங்கன்னா அவ்ளோதான், ஊரே காறித் துப்பும். சைக்கிளப் போட்டுட்டு ஓடி பின்படியில ஏறுனேன். எழுப்பி எறக்கிரலாம்னுதான்.

கிட்டப் போனா, வாய் லேசா தொறந்து தூங்குது.

எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல. வூட்ல எனக்கப்புறம் படுத்து எனக்கு முன்னாடி எந்திரிக்கும்.

எழுப்ப மனசு வரல. பின் சீட்ல குனிஞ்சுக்கிட்டு டேங்கர்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்புறம் குள்ளம்மா அத்தைக்கு. அம்மா மாதிரியே.

"மீட்டிங்ல இருக்கேன் அண்ணி. சாயங்காலம் டேங்கர் வந்துரும். பஸ்ஸ விடுங்க, உள்ள யாரு என்ன அவசரத்துல இருக்காங்களோ."

"இப்பிடி நேரா பேசுனா நாங்க ஏன் தலைவரே ரோட்டுக்கு வரோம்"னு அத்தை கொடத்த எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டாங்க.

நான் எறங்கறதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிருச்சு.

குலுங்குனதுல அம்மா நிமிந்து உக்காந்துச்சு. பக்கத்து சீட்ல ஒரு அக்கா, மடியில கொய்யாக்கா கூடை. "அந்தத் தலைவரு எங்க போயித் தொலைஞ்சாளோ"ன்னாங்க.

"எங்கயாச்சும் தூங்கிட்டு கெடப்பா"னுச்சு அம்மா.

ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நான் வாயப் பொத்திக்கிட்டேன், எனக்கும் சிரிப்பு.

அப்புறம் அந்தக்கா, உனக்கு எத்தன புள்ளைங்கன்னு கேட்டாங்க.

"எனக்கு யாருமில்லக்கா."

ரொம்ப லேசா சொல்லுச்சு யுவா. கொய்யாக்கா வேணாங்கற மாதிரி.

அடுத்த ஸ்டாப்புல எறங்கி, நடந்தே வந்து சைக்கிள எடுத்தேன்.

சாயங்காலம் டேங்கர் வந்துச்சு. அம்மாவும் வந்துச்சு. போன வாங்கிக்கிச்சு. ராத்திரி சாப்டு முடிச்சதும் பாதி கொய்யாக்காவ என் தட்டுல வெச்சுச்சு.

"பின் சீட்ல வெயில் அடிச்சுச்சா?"

அவ்ளோதான் கேட்டுச்சு. லைட்ட அணைச்சுட்டு படுத்துருச்சு.

இப்ப பக்கத்துல தூங்குது, வாய் லேசா தொறந்து. எனக்கு முன்னாடியே.

எனக்குத்தான் தூக்கம் வரல. நான் பின்னாடி இருக்கறது தெரியாம அப்பிடிச் சொல்லுச்சா, தெரிஞ்சேதான் சொல்லுச்சா?

ரெண்டுல எது பரவால்ல யுவா?