நான்கு அங்குல ஃபோம்

மெத்தைக் கடையில் நல்லசிவம் கையை ஃபோம் விரிப்பில் வைத்து அழுத்தினார். அடியிலிருந்த பலகை உள்ளங்கையில் தட்டியது.

"இது வேண்டாங்க. கட்டை தெரியுது."

"உங்களுக்கு முதுகுவலிங்களா?" கடைக்காரம்மா கேட்டார்.

"எனக்கில்லைங்க. வீட்டுக்காரிக்கு."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படுப்பாங்க?"

நல்லசிவம் அடுத்த விரிப்பின் பக்கம் நகர்ந்தார்.

நான்கு மாதமாக அமுதவல்லி படுத்தேதான் இருக்கிறாள். மாடிப்படியில் விழுந்ததில் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

காலையில் உடம்பு துடைத்துவிடும்போதுதான் பார்த்தார். வால் எலும்பின் மேல் தோல் செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. மதியத்துக்குப் பூசணிக்காய் பொரியல் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்து ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்தார்.

"தோல் உரிஞ்சா புண்ணு எலும்பு வரைக்கும் போயிருங்க. திருப்பித் திருப்பிப் போடுங்க. நல்ல மொத்தமான ஃபோமா இன்னைக்கே வாங்கி விரிச்சிருங்க."

எலும்பு வரைக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு, கொசுவலை வாங்கி வருவதாக அமுதவல்லியிடம் சொல்லிக் கிளம்பியிருந்தார்.

கடையில் அடுத்த விரிப்பின் மேல் ஏறிப் படுத்தார். மல்லாந்து. அவளைப் போல அசையாமல்.

ஐந்து நிமிடத்தில் இடுப்பு கனத்தது. பத்தாவது நிமிடம் வால் எலும்பில் எரிந்தது. உடம்பு தானாகவே புரண்டது.

அவளால் புரள முடியாது. எரிவதும் தெரியாது.

எழுந்து உட்கார்ந்தார்.

கடைக்காரம்மா உள்ளே போனார். நான்கு அங்குல விரிப்பு ஒன்றைத் தானே இழுத்துவந்து போட்டார். முட்டியை ஊன்றிப் பார்த்தார் நல்லசிவம். பலகை தட்டவில்லை.

வீட்டில், கொசுவலை எங்கே என்று அவள் கேட்கவில்லை.

அவளை ஒருக்களிக்கவைத்துப் பிடித்து, புது விரிப்பைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி, மீதியை இழுத்துவிட்டார். நிமிர்ந்து, விரிப்பின் ஓரத்தை மறுபடி அழுத்திப் பார்த்தார். இது போதுமா? இன்னும் தடிமனாக வாங்கியிருக்க வேண்டுமோ?

"ஏனுங்க."

குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கீழ என்னமோ குத்துது."

கையை விட்டுத் தேடினார். விரிப்பின் உறையிலிருந்த ஜிப் மடங்கிக் கிடந்தது. அவளுடைய வலது தொடைக்கு அடியில்.

இழுக்கப்போன கை நின்றது.

தொடைக்கு அடியில்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடவே இருவருக்கும் பயமாக இருந்தது.

"எடுத்துறாதீங்க," என்றாள். "இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."