எதிரிக்குக் கைதட்டியவர்

கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று எங்கள் நாரின் நகரமே தலைநகர் பிஷ்கெக் அணிக்காகக் கத்தியது. காலமெல்லாம் நாங்கள் திட்டித் தீர்த்த அணிதான். ஆனால் லீக்கை வென்ற பிஷ்கெக்கே கோப்பையையும் வென்றுவிட்டால், கோப்பை வெல்லும் அணிக்குரிய ஆசியப் போட்டி இடம் லீக்கில் இரண்டாவதாக வந்த எங்களுக்கு.

தேநீர்க்கடையில் ஒருவர் மட்டும் எதிரணியான ஓஷுக்குக் கைதட்டினார். எங்கள் மைதானத்துப் புல்லைப் பத்தொன்பது வருடமாகப் பராமரிக்கும் சகின்.

"என்னண்ணே, ஓஷ்காரன் எவனாவது பொண்ணு குடுக்குறேன்னு சொல்லிட்டானா?" என்றான் என்னோடு இருந்த திலேக்.

"குடுத்தாலும் இந்த வயசுல எவடா வருவா?" என்றார் சகின்.

கடையே சிரித்தது. சகின் ரொட்டியைப் பிய்த்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் பிஷ்கெக் கோல் அடித்து வென்றது. நாங்கள் மேசைமேல் ஏறி ஆடினோம். சகின் குல்லாயை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"துரோகி!" என்று நான்தான் கத்தினேன்.

அடுத்த ஆகஸ்டில் எங்கள் அணியின் முதல் ஆசிய ஆட்டம். ஊரே பேருந்துகளில் ஏறிப் பிஷ்கெக் கிளம்பியது. எங்களுடையதைப் போல விளக்குக் கம்பம் இல்லாத மைதானத்தில் ஆசிய ஆட்டம் கூடாதாம். அணியே அங்கே குடிபோய்விட்டது. மைதானத்தை அளவெடுக்க வந்த அதிகாரி இதைக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்பே சகினிடம் சொல்லியிருந்தாராம்.

எங்கள் ஊர் மைதானத்தருகே பேருந்து மெதுவாகப் போனது. ஆளில்லாத புல்லில் சகின் குனிந்து வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, இடம் இருக்கு!" என்று ஜன்னல்வழியே கூப்பிட்டேன்.

அவர் நிமிரவில்லை.

"கோடு இன்னும் காயலப்பா. நீங்க போயிட்டு வாங்க."