ஒரே மூச்சு

“எழுதிக்கோம்மா. இந்த ஆல்பத்துல இன்னொருத்தன் மூச்சு துளிகூடக் கிடையாது.”

சரவெடி சொன்னார். ஒரு காலத்தில் ராப் பாடி மேடைகளை அதிரவைத்தவர். பாடிய வேகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது தாடி பாதிக்குமேல் வெளுத்துவிட்டது.

எதிரே பத்திரிகைக்காரப் பெண். பக்கத்தில், கணினித் திரைமுன் ஒலிப்பதிவாளர். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. பேசிய சொல் எதிரொலிக்காமல் கரைந்துபோகும். மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

“மியூசிக் கம்பெனிக்காரங்க யாரும் உதவலையா சார்?”

“கதவையே திறக்கலம்மா. ‘உங்க காலம் முடிஞ்சுபோச்சு’ன்னுட்டாங்க. நானே எழுதி, நானே பாடி, நானே வெளியிட்டேன். பேரு பார்த்தேல்ல? ‘ஒரே மூச்சு’.”

“அந்தக் கடைசிப் பாட்டைப் பத்தித்தான் சார் எல்லாரும் பேசறாங்க. முழுப் பாட்டும் மூச்சு விடாம...”

சரவெடி கண்ணை மூடிக்கொண்டார்.

“பாடி முடிச்சது எனக்கே ஞாபகமில்ல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. நாற்காலியில சாஞ்சுட்டேன். மாப்ளைதான் சொன்னான், ‘முழுசா வந்துருச்சு தலைவரே’ன்னு. இல்ல மாப்ளே?”

ஒலிப்பதிவாளர் திரையைப் பார்த்தபடியே, “ம்...” என்றார்.

அந்தப் பதிவுக்குப் பிறகு சரவெடிக்கு அடிக்கடி ஒரு கனவு வருகிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மேடை. நீல வெளிச்சம். பாதி வரியில் மூச்சு நின்றுபோகிறது. ஆனால் பாட்டு நிற்பதில்லை. பிடரியில் யாரோ மூச்சு விடுகிற வெதுவெதுப்பு. திரும்பிப் பார்ப்பதற்குள் விழித்துக்கொள்வார்.

“முன்னெல்லாம் உங்க தம்பியும் கூடப் பாடுவாராமே சார்?”

“பாடுவான்னு சொல்ல முடியாது. எனக்கு ஒரு அடி பின்னால நிப்பான். நான் மூச்சு வாங்கற நேரத்துல கடைசி வார்த்தையை எடுத்துக் கொடுப்பான். அவ்வளவுதான்.”

“அப்புறம் ஏன் பிரிஞ்சீங்க?”

சரவெடி தாடியை நீவினார். போஸ்டரில் ஒரு முகம் போதும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்ன அன்று, தலையாட்டினோமா, சும்மா இருந்தோமா? எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடம் மட்டும் மங்கலாகவே இருந்தது.

“அவனாத்தான் போனான். அண்ணன் மேல வந்தா தம்பிக்குப் பொறுக்குமா?”

“அப்படியா சார்?”

“நம்பலையா? இரு, உன் காதாலயே கேளு.” போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லுங்கண்ணே.” பின்னணியில் பேருந்துகளின் இரைச்சல். தம்பிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. குரல் கரகரவென்றிருந்தது.

“என்னடா தொண்டை?”

“மைக்ல கத்திக் கத்தி இப்படியாயிருச்சுண்ணே.”

“என் மேடையை விட்டும் மைக்கை விட்டபாடில்ல நீ! சரி, ஆல்பம் கேட்டியா?”

தம்பி தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“இன்னும் இல்லண்ணே. வேலை சரியா இருக்கு.”

“ஊரே கேக்குது. உனக்கு மட்டும் நேரமில்ல.”

“கேக்கறேண்ணே. உடம்பைப் பார்த்துக்குங்க. மூச்சு இப்ப பரவாயில்லையா?”

“என் மூச்சுக்கு என்னடா கேடு?” போனைத் துண்டித்தார். “பார்த்தியாம்மா? கூடப் பொறந்தவன் லட்சணத்தை!”

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். “குரல் அப்படியே உங்க குரல் மாதிரியே இருக்கு சார்.”

“குரல் இருந்து என்ன பண்றது? மனசு வேணும்.”

அவள் குறித்துக்கொண்டாள். “தலைப்பு ‘தனி ஆள்’னு வைக்கட்டுமா?”

“தாராளமா வை. மாப்ளே, கடைசிப் பாட்டுல இசையை எடுத்துட்டு என் குரலை மட்டும் போடு. பொண்ணு கேக்கட்டும்.”

ஒலிப்பதிவாளர் நாற்காலியில் நெளிந்தார். “இன்னொரு நாள் போடலாமே தலைவரே. சிஸ்டம் கொஞ்சம் மக்கர் பண்ணுது.”

“நல்லாத்தானே இருக்கு? நகரு, நானே போடறேன்.”

“வேணாம் தலைவரே...”

சரவெடி பொத்தானை அழுத்திவிட்டார். திரையில் அவர் குரலைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று துடித்தது.

“விழுந்த இடம் எனக்குத் தெரியும், எழுந்த இடம் எவனுக்கு...”

அவ்வளவுதான். ஒரு இருமல். மூச்சுக்குத் திணறும் சத்தம். பிறகு அமைதி. அடுத்த வரி மறுபடி ஆரம்பித்து, அதுவும் பாதியில் அறுந்தது.

சரவெடி திரையையே பார்த்தார். பச்சைக் கோடு அறுந்து கிடந்த இடங்களுக்கெல்லாம் நேர் கீழே, நீலமாக இன்னொரு கோடு, சின்னச் சின்னத் துண்டுகளாக.

“இது யாரு மாப்ளே?”

ஒலிப்பதிவாளர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

சரவெடி திரைக்கு அருகே குனிந்தார். பச்சையை நிறுத்திவிட்டு நீலத்தைத் தொட்டார்.

முதலில் தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு, பிடரியில் மூச்சு படும் நெருக்கத்தில், அந்தக் கரகரத்த குரல்.

“சார், அண்ணனுக்கு மூச்சு வாங்கற இடத்துல மட்டும் வந்துட்டுப் போயிடறேன். என் சத்தத்தை அடக்கியே வைங்க, அவர்தான் பாடி முடிச்சார்னு இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம்... முக்கியமா எங்கண்ணனுக்கு.”