நல்லதாக நாலு வார்த்தை

“அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனவங்க எல்லாரும் வராதேன்னுதாங்க எழுதியிருக்காங்க,” என்றாள் மனைவி, போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே.

“வயித்தெரிச்சல் பிடிச்சவங்க! ‘சிரித்தமுகம்’ங்கிற பேர்ல ஒருத்தர் எழுதறதைப் பாரு. என்னை மாதிரியே வெல்டர். தங்கமான முதலாளின்னு சொல்றார். அவர் கம்பெனியிலேயே வேலையும் வாங்கித் தந்துட்டார். என் கால் அளவைக்கூட அக்கறையா விசாரிச்சார்னா பாரேன்!”

“அதுதான் எனக்கு உறுத்துது.”

அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

போய் இறங்கிய அன்று, பட்டறைக்குப் பின்னாலிருந்த தகர அறைக்கு அவனைச் சிரித்தமுகம் அழைத்துப் போனார். நேரில் அவர் சிரிக்கவே இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் ஒரே ஒரு கட்டில். அதில் உட்கார்ந்து, தன் பூட்ஸைக் கழற்றி அவன் முன்னால் வைத்தார்.

“போட்டுக்க தம்பி. கம்பெனி புதுசு தராது.”

“அப்ப உங்களுக்கு?”

“நான் ஊருக்குக் கிளம்பறேன். மாத்து ஆள் வந்தாத்தான் பாஸ்போர்ட்டைத் தருவேன்னு முதலாளி பிடிச்சு வெச்சிருந்தார். உன்னோடதை வாசல்லயே வாங்கிக்கிட்டார் இல்லே?”

அவன் வெறும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

“சிரித்தமுகத்தோட பாஸ்வேர்டை உனக்கு அனுப்பியிருக்கேன். எனக்கு முன்னாடி இங்கே இருந்தவர் எனக்குத் தந்தது. நல்லதா நாலு வார்த்தை எழுதிக்கிட்டே இரு தம்பி. யாராவது வருவாங்க.”