கருங்காலிக்குக் கொடி

“கூட நின்னவனை மறந்தாலும் மறக்கலாம், குறுக்கே போனவனை...”

சங்கத்தை ஆரம்பித்த பெரியவர் மேடைக்கு மேடை சொன்னது. மீதி என்னவென்று இப்போது யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. இருந்தாலும் சங்கம் அதன்படிதான் நடக்கிறது.

பள்ளி ஊழியர் சங்கத்தில் யார் செத்தாலும் உடம்பின் மேல் சங்கக் கொடி போர்த்துவார்கள். கூட்டுகிறவர், சமைக்கிறவர், டிரைவர் என்று பேதம் கிடையாது.

காலையில் செத்துப்போன ஆயாவின் மகள், அந்தக் கொடியைக் கேட்டு வந்து நின்றாள். தையல்காரி.

“கிடையாது,” என்றார் தலைவர். “உங்கம்மா கருங்காலி.”

“பிணம் கிடக்குது தலைவரே. இன்னுமா அந்தப் பேச்சு?”

“பெரிய வேலைநிறுத்தம் அன்னைக்கு நாங்க வாசல்ல லத்தியடி வாங்குறோம். உங்கம்மா பின்வாசல் வழியா உள்ளே போறாங்க. ஊரே பார்த்துச்சு.”

செயலாளர் வேறு பள்ளியில் சமையல்காரர், சின்ன வயசு. நெளிந்தார். “செத்த பிறகு என்ன தலைவரே? கொடுத்துடலாமே.”

“அன்னைக்கு நடந்ததைப் பார்த்தவங்கள்ல இப்ப சங்கத்துல மிச்சம் நான் ஒருத்தன்தான். நான் சொல்றேன், கிடையாது.”

மகள் நகரவில்லை.

“கூட்டத்துல அம்மா பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. டீ கொடுக்கிறவன்கூட அவங்களைத் தாண்டித்தான் போவான். ‘ஏம்மா மானங்கெட்டுப் போறே?’ன்னா, ‘என் சங்கம்டீ’ம்பாங்க. நேத்துதான் மிச்சத்தைச் சொன்னாங்க.”

“என்னம்மா மிச்சம்?” என்றார் செயலாளர்.

“வேலைநிறுத்தம்னு மணியடிச்சதும் எல்லாரும் வெளியே ஓடியிருக்காங்க. அந்த அவசரத்துல வாட்ச்மேன், சின்னப் பிள்ளைங்க தூங்குற ரூமைப் பார்க்காமலே பூட்டிட்டார். உள்ளே ஒரு குழந்தை. அப்புறம் அவரே அம்மாகிட்ட வந்து சாவியைக் கொடுத்து அழுதாராம். ‘நான் தூக்கினா கத்தும், நீ போ. பிள்ளையைப் பூட்டிவெச்சுப் போராடுறாங்கன்னு வெளியே தெரிஞ்சா சங்கம் செத்துடும்’னு. அம்மா போய்த் தூக்கி, பின்சந்து வழியா அதோட வீட்டுல விட்டுட்டு வந்தாங்க. உள்ளே போனதைத்தான் ஊர் பார்த்துச்சு.”

செயலாளர் எழுந்துவிட்டார். “யாரும்மா அந்த வாட்ச்மேன்?”

“பேர் சொல்லலை. ‘பெண்டாட்டி பிள்ளைக்காரர், போகட்டும்’னுட்டாங்க.”

“தலைவரே, உங்களுக்குத் தெரியாம இருக்காது. அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், கொடியை நானே தூக்கிட்டுப் போறேன்.”

அன்று அந்தப் பள்ளியில் வாட்ச்மேனாக இருந்த தலைவர், “அவர் செத்து ரொம்ப வருஷமாச்சு,” என்றார்.

கொடி கிடையாது என்றே முடிவு செய்தார்.