அறுக்காத முடிச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு டாக்டரம்மாவின் விரல்களைப் பற்றிச் சொல்கிறேன். சுடலைமணியின் பிள்ளைக்குப் பதினாலு மாதம். வலது விதை கீழே விதைப்பைக்குள் இறங்காமல் அடிவயிற்றிலேயே தங்கிவிட்டது. அப்படியே விட்டால் வீணாகிப்போகும் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்று காலையில் நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்து பிள்ளையின் அரைஞாண் கயிற்றைப் பிடித்ததும், சுடலைமணி அவனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

“செத்தவனுக்குத்தாம்மா கயித்த அறுப்பாவ. எங்களுக்கு ஆபரேசனே வேண்டாம்.”

“ஒத்தக் கயித்துக்காகத் தியேட்டரே காத்துக் கெடக்கு அண்ணாச்சி!” என்றாள் நர்ஸ்.

சத்தம் கேட்டு வந்த டாக்டர் ஜெரூஷா, கத்தரிக்கோலை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளையை அப்பன் மடியிலேயே வைக்கச் சொல்லித் தரையில் உட்கார்ந்தார். எண்ணெயும் தண்ணீரும் பட்டு இறுகிப்போயிருந்த முடிச்சை நகத்தால் மெல்ல மெல்ல இளக்கினார். கால் மணி நேரம் ஆனது. பிள்ளை அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்தது.

“உள்ள இருக்க விதையும் நூல் மாதிரி ஒரு ரத்தக் குழாய்லதான் தொங்குது, சுடலைமணி. அத இப்பிடித்தான் பிரிச்சுப் பிரிச்சு எறக்கணும். அது அறுந்தா விதை போயிரும்.”

அவன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு அவிழ்ந்ததும் பிள்ளையை அவனே தூக்கிக் கொடுத்தான்.

மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்தபோது அவன் அவிழ்த்த கயிற்றோடு எழுந்து எதிரே வந்தான்.

“நல்லபடியா எறக்கி வச்சுத் தச்சாச்சு. உங்க மவன் முழிச்சதும் மொத வேலையா அழுது அழுது என்னய ஏசுதான்.”

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குறையும் இல்லாமல் வளரட்டும். என்றைக்காவது கத்தி தேவைப்பட்டால், அதைப் பிடிக்கிற கை இப்படி அமையட்டும்.